நடுவில் ஒன்றுமே இல்லை என்றால் எது ஆடுகிறது?

மாடித்தோட்டம்:
மகள் ஒன்பதாவது. பள்ளியில் கண்ணாடிக் குடுவைக்குள் மின்சார மணியை வைத்து, பம்பால் காற்றை உறிஞ்சிக் காட்டியிருக்கிறார்கள். சத்தம் தேய்ந்துகொண்டே போய், கடைசியில் மணியின் நாக்கு மட்டும் ஊமையாக அடித்துக்கொண்டிருந்ததாம். வீட்டுக்கு வந்து கேட்கிறாள்: "சத்தம் வரல, சரி. மணி கண்ணுக்குத் தெரிஞ்சுதேம்மா, வெளிச்சம் மட்டும் எப்படி வந்துச்சு?" நான் படித்தது பி.காம். கடலில் தண்ணீர் ஆடுகிறது, ஒலிக்குக் காற்று ஆடுகிறது. ஒளியும் அலைதான் என்கிறார்களே, வெற்றிடத்தில் எது ஆடும்?

கடைசிபெஞ்ச்:
பெரிய ஆட்களே தடுக்கி விழுந்த இடம் இது. 'ஈதர்' என்று ஒன்று எங்கும் நிறைந்திருக்கிறது, அதுதான் ஆடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 1887இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கேல்சன், மார்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதன் தடயத்தைத் தேடினார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவேயில்லை.

டிஷ்மெக்கானிக்:
அக்கா, நான் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி டிஷ் மாட்டுகிறவன். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் குண்டூசிக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். தொடும் முன்பே ஊசி துள்ளி ஒட்டிக்கொள்ளும். காற்றை உறிஞ்சிய அந்தக் குடுவைக்குள் வைத்தாலும் ஒட்டும். காந்தத்தைச் சுற்றி அதன் இழுப்பு எட்டும் இடத்தில் இருப்பதைத்தான் காந்தப்புலம் என்கிறோம். ஆக, அது இருக்கக் காற்று வேண்டாம். மின்சாரத்துக்கும் இப்படி ஒரு புலம் உண்டு, அந்த மின்புலத்துக்கும் வேண்டாம். ஆடுவது இந்தப் புலங்கள்தான். ஆடுவது என்றால் ஒரு பொருள் அசைவது அல்ல. ஒவ்வோர் இடத்திலும் புலத்தின் பலம் ஏறி இறங்குவது. காந்தப்புலம் மாறினால் மின்புலம் பிறக்கும், சைக்கிள் டைனமோவே அப்படித்தான் ஓடுகிறது. மின்புலம் மாறினாலும் காந்தப்புலம் பிறக்கும் என்று சேர்த்தவர் மேக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி. இது மாற அது, அது மாற இது. இந்த ஆட்டம் எவ்வளவு வேகத்தில் பரவும் என்று கணக்குப் போட்டார். ஒளியின் வேகமே வந்து நின்றது. ஒளியும் இந்த ஆட்டம்தான்.

என் தொழிலில் இது தினமும் தெரியும். டிஷ் பிடிக்கும் டிவி அலையும் ஒளியின் இனம்தான். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரமும் ஏறக்குறைய காலி. விரிந்து மெலிவதைத் தவிர அலைக்கு ஒரு குறையும் இல்லை. கடைசிச் சில கிலோமீட்டரில் ஐப்பசி மழை கொட்டினால் துளிகள் அலையை உறிஞ்சும், சிதறடிக்கும். திரையில் 'சிக்னல் இல்லை', எனக்கு வரிசையாக போன். நடுவில் இருக்கும் பொருள் இந்த அலைக்கு உதவி இல்லை அக்கா, இடைஞ்சல்.

மாடித்தோட்டம்:
மெலியும் என்றால் ஓரிடத்தில் செத்துப்போகாதா தம்பி?

டிஷ்மெக்கானிக்:
சாகாது, பரவும். தூரம் இரண்டு மடங்கானால் டிஷ்ஷில் விழும் சக்தி நாலில் ஒரு பங்கு. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 என்ற விண்கலம் இப்போது 2,400 கோடி கி.மீ.க்கும் அப்பால். அனுப்புவது இருபது வாட் சொச்சம், பழைய குண்டு பல்பு அளவுகூட இல்லை. அந்த அலை 22 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வருகிறது, 70 மீட்டர் டிஷ்ஷில் பிடிக்கிறார்கள். நான் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷையே ஆடிக்காற்றில் நிறுத்தப் படாதபாடு படுகிறேன்.

மாடித்தோட்டம்:
காந்தமும் குண்டூசியும் இப்போது சாப்பாட்டு மேஜையில். அடுத்த கேள்வியும் வந்துவிட்டது: அந்தக் காந்தத்திலிருந்தும் அலை வருமா?

டிஷ்மெக்கானிக்:
சும்மா இருந்தால் வராது. கையில் பிடித்து ஆட்டினால் வரும், பலம்தான் ஒன்றுமே இருக்காது. வினாடிக்கு நாலு தடவை ஆட்டச் சொல்லுங்கள், அலைநீளம், அதாவது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை, 75,000 கி.மீ. பிடிக்கத்தான் என்னிடம் டிஷ் இல்லை.