சிந்து நதி ஒப்பந்தம்: தாங்கியது கையெழுத்தா, கான்கிரீட்டா?

சதுரங்கம்:
பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, பாகிஸ்தானுடன் 1960இல் போட்ட சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது. நாடுகளின் உறவில் பலம்தான் எல்லாம் என்னும் யதார்த்தவாதம் சொல்வது இதைத்தானே? நாடுகளுக்கு மேலே தட்டிக்கேட்க ஆள் கிடையாது. இரு அரசுகளும் சேர்ந்து உறுதிசெய்யும் இன்னொரு ஒப்பந்தம் வந்தால்தான் இது முடிவுக்கு வரும் என்கிறது 12ஆம் பிரிவு. ஒருதலையாக நிறுத்திவைக்க அதில் வழியே இல்லை. இருந்தும் நடந்தது. மேல்மடைக்காரனுக்குப் பிடிக்கும்வரைதான் ஒப்பந்தம். ஒப்பந்தங்களும் அமைப்புகளும் நாடுகளைக் கட்டுப்படுத்தும் என்னும் நிறுவனவாதிகள் என்ன சொல்கிறீர்கள்?

கீழ்மடை:
ஒரு நாளை விளக்கிவிட்டு 65 ஆண்டுகளை விட்டுவிட்டீர்கள். 1965, 1971, கார்கில் எல்லாவற்றையும் தாண்டி வந்த ஒப்பந்தம் இது. பாகிஸ்தானில் மாற்றுக் கால்வாய்கள் கட்ட இந்தியா தர ஒப்புக்கொண்டது 6,20,60,000 பவுண்டு, 10 ஆண்டுத் தவணை. 1965 போருக்குப் பிறகும் தவணை நிற்கவில்லை. மேல்மடைக்காரனின் விருப்பம்தான் எல்லாம் என்றால் அந்தப் பணம் ஏன் போனது?

நிறுவனவாதம் ஒப்பந்தத்தைப் புனிதமாக்குவதில்லை. சந்தேகத்தின் விலையைக் குறைக்கிறது என்கிறது, அவ்வளவுதான். மேற்கு நதிகளில் (சிந்து, ஜீலம், செனாப்) ஓடும் நீரில் மின்சாரம் எடுக்கும் நிலையம் கட்டுவதானால், ஆற்றுக்குள் வேலை தொடங்க 6 மாதம் முன்பே வடிவமைப்பு விவரத்தை இந்தியா தர வேண்டும். ஆட்சேபம் சொல்லப் பாகிஸ்தானுக்கு 3 மாதம். நீரோட்ட அளவுகள் மாதாமாதம் கைமாற வேண்டும். நாளையும் முகம் பார்த்தாக வேண்டும் என்ற கணக்கில்தான் இன்றைய ஒழுங்கு நிற்கிறது.

சதுரங்கம்:
உங்கள் ஒப்பந்தம் நதிகளைப் பகிரவே இல்லை, பாகப்பிரிவினை செய்தது. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் போட்ட வேலியை ஒத்துழைப்பு என்கிறீர்கள். 1948 ஏப்ரல் 1 அன்று கிழக்குப் பஞ்சாப் கால்வாய்களை அடைத்ததும் கீழே என்ன ஆனது என்று பாகிஸ்தானுக்குத் தெரியும். அந்த பயமும் உலக வங்கி திரட்டித் தந்த பணமும் சேர்ந்துதான் 1960 கையெழுத்து.

மடைக்காரன்:
இருவரும் தண்ணீரை அளக்காமலே பேசுகிறீர்கள். செனாப்பில் பக்லிஹார் அணையை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்துக்காக ஏற்றி இறக்கக்கூடிய தேக்க அளவாக இந்தியா கேட்டது 37.5 மில்லியன் கன மீட்டர். தகராறைத் தீர்க்க உலக வங்கி நியமித்த நடுநிலை வல்லுநர் லாஃபிட் 2007இல் அதை 32.56 ஆகக் குறைத்தார். நம் கணக்கில் 1.15 டி.எம்.சி. மேட்டூர் 93.47 டி.எம்.சி. பாகிஸ்தானுக்குள் மராலா தலைமதகில் செனாப்பின் ஆண்டு வரத்து ஏறத்தாழ 26 மில்லியன் ஏக்கர் அடி, சராசரியாக நாளுக்கு 3 டி.எம்.சி. அரை நாள் வரத்தைக்கூட அடக்க முடியாத தேக்கத்தை வைத்துக்கொண்டு "தண்ணீரை நிறுத்திவிட்டோம்" என்று கொண்டாடுவதும், "சாகடிக்கிறார்கள்" என்று அலறுவதும் ஒரே அறியாமை.

ஆனால் குளிர்காலம் வேறு. வரத்து 8,000 கன அடிக்கு இறங்கினால் நாளுக்கு 0.69 டி.எம்.சி.தான். அதே தேக்கத்தை நிரப்பிக்கொண்டால் சுமார் 40 மணி நேரம் கீழே தண்ணீர் போகாது. கோதுமைக்குப் பாய்ச்சல் முறை வைத்திருக்கும் கால்வாயில் அது உறைக்கும். அளவு சின்னது, நேரம்தான் ஆயுதம். அதனால்தான் 7 நாளில் வந்த நீர் அதே 7 நாளுக்குள் கீழே போயாக வேண்டும் என்ற விதி, 24 மணி நேரத்துக்கும் தனி வரம்பு. புது அணையை முதன்முறை நிரப்புவதானால் செனாப்பில் ஜூன் 21 முதல் ஆகஸ்ட் 31க்குள், அதுவும் மராலாவுக்கு மேல் 55,000 கன அடிக்குக் குறையாமல்.

கீழ்மடை:
என் வாதத்தை எனக்காக முடித்துவிட்டீர்கள். மேற்கு நதிகளில் இந்தியாவுக்கு அனுமதித்த மொத்தச் சேமிப்பு 3.6 மில்லியன் ஏக்கர் அடி, சுமார் 157 டி.எம்.சி. அதையே பெரும்பாலும் கட்டவில்லை. வண்டலுக்கு அவசியம் என்றாலொழிய அடிமட்ட மதகு வைக்கக் கூடாது என்ற விதிதான் அணைகளின் உடம்பில் இருக்கிறது. நீங்கள் காட்டிய "தேக்கும் திறன் இல்லை" என்பது வானத்திலிருந்து விழவில்லை. ஒப்பந்தம்தான் திறனையே செதுக்கியது.

சதுரங்கம்:
பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செதுக்கிய கை ஓய்ந்ததும் என்ன நடந்தது? மே மாதத் தொடக்கத்திலேயே பக்லிஹாரிலும் செனாப்பின் இன்னொரு அணையான சலாலிலும் வண்டல் கழுவுவதாக மதகுகளை இயக்கினார்கள். நீர் பெருகி வரும் பருவமழைக் காலத்தில் செய்ய வேண்டிய வேலை அது.

மடைக்காரன்:
அதன் இயக்கம் இதுதான். மதகைத் திறந்து மட்டத்தை இறக்கினால் வண்டலோடு வெள்ளம் கீழே போகும். மூடினால் திரும்ப நிரம்பும்வரை ஆறு வற்றும். அடியில் எப்போதும் நிற்க வேண்டிய செயலற்ற தேக்கத்தையும் இறக்கிவிட்டால் நிரம்பப் பல நாள் ஆகும். அதனால்தான் இந்தியாவின் கிஷன்கங்கா நீர்மின் நிலைய வழக்கில் 2013இல் நடுவர் மன்றம், எதிர்பாராத அவசரம் தவிர செயலற்ற தேக்க மட்டத்துக்குக் கீழே இறக்கிக் கழுவக் கூடாது என்றது. அந்தத் தடை அணைக்குக் கேடுதான், வண்டல் சேர்ந்தால் ஆயுள் குறையும். இந்தியாவின் எரிச்சலில் நியாயம் உண்டு.

வெள்ளாறு:
காவிரியில் உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 5 அன்று 10 நாளுக்கு 15,000 கன அடி என்றது. மேலே தட்டிக்கேட்க ஆள் இருந்தும் பெங்களூரு எரிந்தது. ஆக, மேலதிகாரம் இல்லாமைதான் நோய் என்பதும் பாதி உண்மை. "இரத்தமும் தண்ணீரும் சேர்ந்து ஓடாது" என்ற மோடியின் 2016 பேச்சு தண்ணீரைப் பொறியியலிலிருந்து மானத்துக்கு மாற்றியது. அதன்பின் மதகின் உயரத்தில் ஒரு அடி விட்டுக்கொடுத்தாலும் தோல்விதான். நாடுகளின் நலனை எண்ணமும் அடையாளமும்தான் உருவாக்குகின்றன என்னும் ஆக்கவாதம் சொல்வது அதை.

கீழ்மடை:
காவிரியை இழுத்தால் திரி 40 பக்கம் போகும், விடுங்கள். நிறுவனத்தின் உண்மையான ஓட்டை வேறு இடத்தில். கிஷன்கங்கா, ராட்லே நீர்மின் திட்ட விவகாரத்தில் 2016இல் இந்தியா நடுநிலை வல்லுநரைக் கேட்டது, பாகிஸ்தான் நடுவர் மன்றம் கேட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எது முதலில் என்று ஒப்பந்தத்தில் தெளிவில்லை. உலக வங்கி முதலில் இரண்டையும் நிறுத்தியது, 2022இல் இரண்டையும் நியமித்தது. மன்றத்தை இந்தியா ஏற்கவே இல்லை. பஹல்காமுக்கு முன்பே வீடு விரிசல் விட்டிருந்தது.

சதுரங்கம்:
அப்படியானால் இப்போது என்ன மிச்சம்? பகல் துல், ராட்லே அணைகள் கட்டி முடியட்டும், பேச்சு மாறும்.

மடைக்காரன்:
கட்ட ஆண்டுகள் ஆகும். விவரப் பரிமாற்றம் மட்டும்தான் உடனே நின்றது. 2025 ஆகஸ்டில் ஜம்முவின் தாவி ஆற்றில் வெள்ளம் பெருகியபோது இந்தியா பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை தந்தது. ஒப்பந்தப்படி அமைந்த இரு நாட்டு சிந்து ஆணையம் வழியாக இல்லை, தூதரகம் வழியாக, மனிதாபிமானம் என்ற பெயரில். சதுரங்கம் இதைத் தன் பக்கம் எழுதிக்கொள்வார், கீழ்மடை தன் பக்கம். ஆணையம் வழி வரும் தினசரி அளவு இருந்தால் மராலாவில் மதகு இயக்குபவர் முன்கூட்டியே கணக்குப் போடலாம். தூதரகத் தகவலில் அந்த எண்கள் இருக்காது.