பயனலகு: 'ஃபங்ஷனல் யூனிட்'டுக்கு ஒரு சொல்

> கார்பன் தடமா, கரிமத் தடமா? முதலில் இதை முடிவு செய்துவிட்டு மற்றவற்றுக்குப் போவோம்.

நண்பர்களுக்கு வணக்கம்.

'கார்பன் ஃபுட்பிரிண்ட்', அதாவது ஒரு பொருளால் வெளியாகும் வெப்பம் பிடிக்கும் வாயுக்களின் மொத்தக் கணக்கு, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு எனக்கு இரண்டுமே சம்மதம். 'கார்பன் தடம்' நாளிதழ்களில் புழங்கிவிட்டது, யாருக்கும் புரியாமல் இல்லை. 'காலடித் தடம்' என்று நீட்டுவது மட்டும் வேண்டாம். பெயரில் கார்பன் இருந்தாலும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் இந்தக் கணக்கில் சேர்த்தி. நூறாண்டில் எவ்வளவு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று பார்த்து, எல்லாவற்றையும் கார்பன் டை ஆக்சைடு அளவாக மாற்றுகிறார்கள். ஐநாவின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கைப்படி ஒரு கிலோ மீத்தேனுக்கு 28 கிலோ.

அந்த மாற்றிய அளவுக்கு 'நிகர்' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அழகான சொல்தான். ஆனால் 'நிகர பூஜ்ய உமிழ்வு' என்று வேறொரு பொருளில் அது உட்கார்ந்துவிட்டது. 'ஈடு' என்றால் மரம் நட்டு உமிழ்வை ஈடுசெய்வதோடு குழம்பும். வேதியியலில் 'சமான எடை' படித்தவர்கள்தானே நாம்? 'கார்பன் டை ஆக்சைடு சமானம்' போதும்.

நான் எழுத வந்தது 'ஃபங்ஷனல் யூனிட்' பற்றி. தடம் என்ற எண் எதற்கான எண் என்று சொல்வது இதுதான். என்ன பயன், எவ்வளவு, எத்தனை காலம் என்று வரையறுக்காமல் இரண்டு பொருள்களை ஒப்பிடவே முடியாது.

2018இல் டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை கடைப் பைகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். அங்கே அலகு 'ஒரு பை' அல்ல. சராசரியாக 22 லிட்டர் கொள்ளளவும் 12 கிலோ எடையும் உள்ள மளிகைச் சாமானை ஒரு தடவை கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் அலகு. அவர்கள் எடுத்துக்கொண்ட ஆர்கானிக் பருத்திப் பையில் அவ்வளவு கொள்ளாது. அதனால் இரண்டு பைகளாகக் கணக்கிட்டார்கள்! சாதாரணப் பிளாஸ்டிக் பையோடு ஒப்பிடும்போது அதன் எண் எகிறியதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படி முழுப் பைகளாக ஏற்றிக் கணக்கிடுவது நியாயமா என்று தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் சண்டை போட வேண்டிய இடம் அலகுதான் என்பது தெரிகிறதல்லவா?

(அதே அறிக்கையில் சாதாரணப் பருத்திப் பை, காலநிலைத் தாக்கத்தை மட்டும் பார்த்தால், பிளாஸ்டிக் பைக்குச் சமமாக 52 முறை பயன்பட்டால் போதும். ஓசோன் படலம், நீர் என்று எல்லாத் தாக்கங்களையும் சேர்த்தால் 7,100 முறை. 'சூழல் தாக்கம்' என்பதையும் 'கார்பன் தடம்' என்பதையும் மாற்றி மாற்றி எழுதுபவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.)

> செயல்பாட்டு அலகு என்பதே நேரடியாக இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் எரித்த டீசல், செலவான மின்சாரம் போன்றவற்றின் பதிவைக் கார்பன் தட அறிக்கைகளில் 'செயல்பாட்டுத் தரவு' என்கிறோம். பக்கத்திலேயே 'செயல்பாட்டு அலகு' வந்தால், டீசல் லிட்டரைத்தான் சொல்கிறார்கள் என்று படிப்பவர் நினைப்பார். 'பயன்பாட்டு அலகு' இன்னும் மோசம், மின்கட்டண யூனிட்தான் நினைவுக்கு வரும். எனவே 'பயனலகு'. பொருள் தரும் பயனை அளக்கும் அலகு. 'பல்பின் பயனலகு: 800 லூமென் வெளிச்சம், 10,000 மணி நேரம்' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

கணக்கின் எல்லை மூலப்பொருளை எடுப்பதிலிருந்து பொருள் குப்பையாவது வரை நீண்டால், அதற்குத் 'தொட்டில் முதல் சுடுகாடு வரை' என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று பேசிய மொழிக்கு அது அந்நியமில்லை. பொருள் ஆலையை விட்டுப் போவதோடு நிற்கும் பாதிவழிக் கணக்குக்குத் 'தொட்டில் முதல் ஆலைவாசல் வரை'.

அப்புறம், சிமெண்ட், எஃகு மாதிரி இடைப்பொருள்கள். ஆலையை விட்டுப் போனபின் எதற்குப் பயன்படும் என்றே தெரியாதபோது 'ஒரு டன்' என்று அறிவித்துவிட்டுக் கணக்குப் போடுவதை, பொருள்களின் கார்பன் தடத்துக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14067 அனுமதிக்கிறது. அதைப் பயனலகு என்று சொல்லக்கூடாது. 'அறிவிப்பலகு' என்று வைத்திருக்கிறேன், ஆனால் அது காதுக்கு அறிவிப்புப் பலகை மாதிரி ஒலிக்கிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.