நூறு விழுக்காடு தேர்ச்சியும் நம் ஊர் அரசுப் பள்ளியும்

தெற்குத்தெருவான்:
நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கை குறைவதற்கு ஆசிரியர்களின் அக்கறையின்மையே காரணம் என்று சொன்னால் இங்கே சிலருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலுள்ள மெட்ரிக் பள்ளி பத்தாம் வகுப்பில் மறுபடியும் நூறு விழுக்காடு காட்டியிருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

கணக்குவாத்தியார்:
அங்கே ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பொதுத்தேர்வு எழுதினார்கள்? எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் எவரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால், வடிகட்டும் வேலையை ஒன்பதில் வைத்துக்கொண்டு, தேறமாட்டார்கள் எனத் தோன்றும் பிள்ளைகளின் கையில் டி.சி.யைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் வந்து சேருமிடம் நீங்கள் ஏளனம் செய்யும் பள்ளிதான்.

தெற்குத்தெருவான்:
2024இல் பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடு, அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 87.90. மாநிலம் முழுவதற்கும் டி.சி. கதையைத்தான் சொல்வீர்களோ?

கணக்குவாத்தியார்:
நான் கேட்டது ஒன்பதாம் வகுப்பின் எண்ணிக்கையை. வாசலுக்கு வந்த எவரையும் திருப்பி அனுப்பாமல் எடுத்த 87.90ஐயும், பொறுக்கியெடுத்த பிள்ளைகளை வைத்து வாங்கிய நூறையும் ஒரே தட்டில் வைப்பது கணக்காகாது.

வாய்க்கால்கரை:
பத்தாம் வகுப்புக்கு வந்துதானா சேர்க்கை குறைகிறது? அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். ஐந்து வகுப்புகளையும் இருவரே நடத்தும் தொடக்கப் பள்ளியைப் பார்க்கும் பெற்றோர், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திற்காக மட்டும் பிள்ளையை அங்கே விடுவார்களா? அதே சட்டம் தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடத்தை ஒதுக்கி, கட்டணத்தையும் அரசின் தலையில் வைக்கிறது.

கணக்குவாத்தியார்:
சட்டப் பாடத்திற்கு நன்றி. ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் என்பதை நீங்களும் சொல்லவில்லை.

தெற்குத்தெருவான்:
வாத்தியார் ஐயாவின் மகன் எந்தப் பள்ளி வேனில் ஏறிப் போனான் என்பதை ஊரே அறியும்.

கணக்குவாத்தியார்:
ஐந்தாம் வகுப்பு வரை போனான். ஆறிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தான். பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தலில் உங்கள் வீட்டார் தோற்ற ஆத்திரத்தை ஆசிரியர்கள்மீது கொட்டாதீர்கள்.

வாய்க்கால்கரை:
தேர்தலா அது? கூட்டம் நடக்கும் நாளே எங்கள் தெருவுக்குச் சொல்லப்படவில்லை.

தெற்குத்தெருவான்:
அப்படிக் கேளுங்கள். அன்று யார் யாரை ஆட்டோவில் ஏற்றிவந்தார் என்பதை நான் சொல்லத் தொடங்கினால் பலருக்குச் சங்கடமாகும்.

கணக்குவாத்தியார்:
தாராளமாகச் சொல்லுங்கள். அந்த ஆட்டோ உங்கள் மைத்துனருடையது.