போபர்ஸ் ஊழல்தான் 1989 தேர்தலைத் தீர்மானித்ததா?

கேள்வி:
1989 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்ததற்கு, ஸ்வீடனின் போபர்ஸ் நிறுவனத்திடம் பீரங்கி வாங்கியதில் லஞ்சம் கைமாறியதாகக் குற்றம்சாட்டப்பட்ட பேரமே காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பேரத்தின் ஆவணங்களைத் தொடர்ந்து வெளியிட்ட ‘தி இந்து’ நாளிதழின் ஊரான சென்னையை உள்ளடக்கிய தமிழ்நாட்டில், 39 தொகுதிகளில் 38-ஐ காங்கிரஸ்–அ.தி.மு.க. அணி வென்றது, உத்தரப் பிரதேசத்திலோ 85 தொகுதிகளில் காங்கிரசுக்கு 15 மட்டுமே கிடைத்தன. இந்த முரணை எப்படி விளங்கிக்கொள்வது?

பதில் 1:
ஊழல் குற்றச்சாட்டு வாக்காளரை மாற்றியதைவிட எதிர்க்கட்சிகளை ஒன்றுசேர்த்ததே பெரிய விளைவு என்பது என் கருத்து. ராஜீவ் காந்தி அரசில் நிதி, பாதுகாப்பு அமைச்சராக இருந்து வெளியேறிய வி.பி. சிங், 1988 அலகாபாத் இடைத்தேர்தலில் வென்றதும் எதிர்ப்புக்கு ஒரு முகம் கிடைத்தது. வட மாநிலங்களில் ஜனதா தளமும் பா.ஜ.க.வும் பெருமளவில் தொகுதி உடன்பாடு செய்துகொண்டதால் காங்கிரஸ் எதிர்ப்பு வாக்குகள் சிதறவில்லை. தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்தும் காங்கிரஸ் தனித்தும் நின்றதால் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது, நவம்பருக்குள் அ.தி.மு.க. ஒன்றாகிக் காங்கிரசுடன் கைகோத்ததால், வி.பி. சிங் தரப்பு எதிர்க்கட்சிக் கூட்டணியான தேசிய முன்னணியில் இருந்த தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

பதில் 2:
கூட்டணிக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அது மட்டும் போதாது. ஆந்திராவில் மக்களின் கோபம் ஆளும் தெலுங்கு தேசத்தின் மீது திரும்பியதால் அங்கும் காங்கிரசே பெரும்பாலான இடங்களை அள்ளியது. வடக்கில் பிகாரின் பாகல்பூரில் நடந்த இந்து–முஸ்லிம் கலவரமும் அயோத்தி ராமர் கோயில் அடிக்கல் நாட்டு விழாவும் வாக்குப்பதிவுக்குச் சில வாரங்களுக்குள் நிகழ்ந்தவை என்பதை விட்டுவிட்டு, பிகார், உத்தரப் பிரதேச முடிவுகளைப் பீரங்கியோடு மட்டும் இணைப்பது தவறு. காங்கிரஸ் 1984-இல் பெற்ற 404 இடங்களும் இந்திரா காந்தி படுகொலையை ஒட்டிய அனுதாப அலையில் வந்தவை. எனவே 197-க்கு இறங்கியதில் ஊழலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பதில் 3:
பேரத்தைவிட அதை அரசு கையாண்ட விதமே காங்கிரசுக்கு அதிகக் கேடு செய்தது என்று உறுதியாக நம்புகிறேன். 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி செய்தி வெளியிட்டபோது அரசு முழுமையாக மறுத்தது; பின்னர் அமைக்கப்பட்ட நாடாளுமன்றக் கூட்டுக்குழு தவறேதும் இல்லை என்றது; 1989 ஜூலையில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையோ கொள்முதல் முறையைக் குறைகூறியது. அதை முன்வைத்து எதிர்க்கட்சி மக்களவை உறுப்பினர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். அரசியல் சாசனப் பொறுப்பில் உள்ள ஓர் அமைப்பின் ஆவணமே பிரசாரத்திற்குக் கிடைத்த பிறகு, ‘இது எதிர்க்கட்சிகளின் அவதூறு’ என்ற வாதத்திற்கு வலுவில்லாமல் போனது.