துருக்கி சுவீடனை இருபது மாதம் காக்க வைத்தது பயங்கரவாதத்துக்காகவா, பேரத்துக்காகவா?

கடலோடி:
உக்ரைன் போரைக் கண்டு அஞ்சிய சுவீடனும் பின்லாந்தும் 2022 மே 18 அன்று நேட்டோவில் சேர விண்ணப்பித்தன. பின்லாந்து 2023 ஏப்ரலில் உறுப்பினராகிவிட்டது. சுவீடனோ 2024 மார்ச் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. துருக்கி அரசை எதிர்த்து ஆயுதமேந்திய குர்திய அமைப்பான குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியினருக்கு, அதாவது பி.கே.கே.வினருக்கு, சுவீடன் புகலிடம் தருகிறது என்பதே துருக்கியின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருந்ததா, இல்லை வேறெதையோ பெறுவதற்கான சாக்கா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நெய்தல்வாசி:
குற்றச்சாட்டை முழுக்கச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பி.கே.கே. 1984இல் ஆயுதமேந்தியது முதல் இரு தரப்பிலும் சுமார் 40,000 பேர் மாண்டிருக்கிறார்கள். அந்த இழப்பைப் பொருட்படுத்தாத அரசு எதுவும் அங்காராவில் நீடிக்க முடியாது. ஆனால் அந்த அமைப்பைப் பயங்கரவாத அமைப்பென்று சுவீடன் அறிவித்ததும் அதே 1984இல்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உண்மையான பிணக்கு சிரியாவைப் பற்றியது. அங்குள்ள கொபானி நகரில் ஐ.எஸ். அமைப்பை எதிர்த்து நின்ற ஒய்.பி.ஜி. என்னும் குர்திய படைக்கு அமெரிக்கா வான்வழி உதவியும் ஆயுதமும் அளித்தது, அப்படையைப் பி.கே.கே.யின் இன்னொரு பெயராகவே துருக்கி பார்த்தது. 2021 நவம்பரில் ஸ்டாக்ஹோமில் சிறுபான்மை அரசு அமைந்தபோது, குர்திய வம்சாவளியைச் சேர்ந்த சுயேச்சை உறுப்பினர் ஒருவரின் ஆதரவைப் பெறுவதற்காக, ஒய்.பி.ஜி. சார்ந்திருக்கும் சிரியக் குர்தியக் கட்சியுடன் ஒத்துழைப்பை ஆழப்படுத்துவதாக ஆளுங்கட்சி எழுதிக் கொடுத்தது. நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு வாக்குக்காகத் தரப்பட்ட வாக்குறுதி, ஆறே மாதத்தில் நாட்டின் பாதுகாப்புக் கொள்கையையே கட்டிப்போட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மணிமுத்தாறு:
நெய்தல்வாசி சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் கணக்கு முடிந்த விதத்தைப் பாருங்கள். புதிய உறுப்பினரைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளும் இசைய வேண்டும் என்பது வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தின் 10ஆம் பிரிவு. 1952 முதல் உறுப்பினரான துருக்கிக்கு அதன் மதிப்பு நன்றாகத் தெரியும். ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணைகளை வாங்கியதால் 2019இல் அமெரிக்காவின் எஃப்-35 போர்விமானத் திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட துருக்கிக்குப் போர்விமானங்கள் அவசரத் தேவையாக இருந்தன. 2024 ஜனவரி 23 அன்று துருக்கி நாடாளுமன்றம் 287க்கு 55 என்ற வாக்குகளில் சுவீடனுக்கு இசைவு தந்தது. மூன்றே நாளில், 40 புதிய எஃப்-16 விமானங்களையும் பழையவற்றைச் சீர்செய்ய 79 தொகுப்புகளையும் சுமார் 2,300 கோடி டாலருக்கு விற்கும் ஒப்புதலை அமெரிக்க அரசு தன் நாடாளுமன்றத்துக்கு அறிவித்தது. தற்செயல் என்று நம்புவோர் நம்பட்டும்.

இதனால் சுவீடன் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை என்று பொருளல்ல. அரசமைப்பைத் திருத்தி, பயங்கரவாத அமைப்பில் பங்கேற்பதையே குற்றமாக்கும் சட்டத்தை 2023 ஜூன் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆனால் துருக்கி கேட்ட பத்திரிகையாளர் ஒருவரை ஒப்படைக்க முடியாதென்று சுவீடன் உச்சநீதிமன்றம் 2022 டிசம்பரில் தடுத்துவிட்டது. சட்டத்தை மாற்றத் துணிந்த அரசால்கூட நீதிமன்றத்தை வளைக்க இயலவில்லை. அந்த எல்லையைத் துருக்கி அதிபர் எர்டோகனும் கடைசியில் ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்திட்டார்.

கடலோடி:
இருவருக்கும் நன்றி. புகார் மெய்யானதாக இருந்ததால்தான் பேரமும் படிந்தது என்று புரிந்துகொள்கிறேன். வெறும் சாக்காக இருந்திருந்தால் ஸ்டாக்ஹோம் அரசமைப்பைத் தொட்டிருக்காது. இன்னொன்று கேட்க வேண்டும்: 2025 மே மாதம் பி.கே.கே. தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்துவிட்டதே, சுவீடன் இயற்றிய அந்தச் சட்டத்தை இனி அங்கு யார்மீது பயன்படுத்துவார்கள்?

நெய்தல்வாசி:
அந்தச் சட்டத்தில் பி.கே.கே.யின் பெயர் இல்லை, நண்பரே. பயங்கரவாத அமைப்பு எதற்கும் பொருந்தும்படிதான் அதை எழுதியிருக்கிறார்கள்.