புதுப்பிப்பு: அப்பாவின் வாயில் இருந்த வெள்ளைத் திட்டு

அப்பா புகையிலை அடக்கும் கன்னத்தின் உட்புறத்தில், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு இருப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். வலி இல்லையே, விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தேன். 2 வாரம் தாண்டினால் காட்டியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுக்கு நன்றி.

திசுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை! ஆனால் செல்களில் லேசான மாற்றம் தொடங்கியிருக்கிறது. புகையிலையை விட்டால் இத்தகைய திட்டு சிலருக்குச் சுருங்கும், மறையவும் செய்யும். கண்காணிப்பை மட்டும் விடக் கூடாதாம்.

ஈறு விஷயத்தில் நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன். ரத்தம் வராததால் ஈறு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? அப்பா சிகரெட்டும் பிடிப்பவர். புகைப்பவர்களுக்கு ரத்தக்கசிவு குறைவாகவே தெரியும். நோய் உள்ளுக்குள் மறைந்திருக்கும். அளந்து பார்த்தால் சில பற்களைச் சுற்றி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 6 மி.மீ. ஆழப் பள்ளம். 3 வரைதான் இயல்பு. வேர்வரை சுத்தம் செய்திருக்கிறார்கள். புகை தொடர்ந்தால் இந்தச் சிகிச்சையும் சரியாகப் பலன் தராது.

புகையிலை, சிகரெட் இரண்டையும் நிறுத்தி இன்றோடு 19 நாள். இரவில்தான் ரொம்பத் தவிக்கிறார், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த பரிசோதனை 3 மாதத்தில்.