நெட்சிடிஎஃப் கோப்பில் உயரங்களின் ஆதார மட்டத்தை எங்கே பதிவது?

கரையோரன் கேட்டது:

வணக்கம். கடலோர வெள்ள ஆய்வு ஒன்றுக்காகச் சென்னைத் துறைமுகப் பகுதியின் மூன்று தரவுகளை ஒரே நெட்சிடிஎஃப் கோப்பில் (அறிவியல் தரவுகளை அவற்றின் விவரங்களோடு சேமிக்கும் வடிவம்) சேர்த்துக்கொண்டிருக்கிறேன். விண்கல ரேடார் அளந்த எஸ்ஆர்டிஎம் தரை உயரம், லிவர்பூலிலுள்ள பிஎஸ்எம்எஸ்எல் என்ற கடல்மட்டத் தரவகம் தொகுத்துவைத்திருக்கும் அலைமானிப் பதிவு (கரையில் நிறுவிய கருவி அளந்த கடல்மட்டம்), ஜேசன் செயற்கைக்கோள் அளந்த கடற்பரப்பு உயரம் ஆகியவையே அவை. மூன்றையும் மீட்டருக்கு மாற்றி, மூன்றுக்கும், இத்தகைய கோப்புகளில் தரவை விவரிக்கும் விதிமுறையான சிஎஃப் மரபின் ‘ஆல்டிட்யூட்’ என்ற பெயரையே இட்டேன். வரைந்து பார்த்தபோது, அலைமானியின் கடல் ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்தில் நின்றது. செயற்கைக்கோளின் கடலோ தரைக்கு 80 மீட்டருக்கும் கீழே கிடந்தது. எண்களில் பிழையில்லை, நான் அவற்றை விவரித்த விதத்தில்தான் பிழை என்பது புரிகிறது. அலகைக் குறிக்கும் ‘யூனிட்ஸ்’ பண்பிலேயே “மீட்டர், சராசரிக் கடல்மட்டத்திலிருந்து” என்று எழுதிவிடலாமா?

அலைமானி எழுதியது:

அப்படி எழுத வேண்டாம். அந்தப் பண்பை, அலகுகளைக் கையாளும் யூடியூனிட்ஸ் நிரலகம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அலகைத் தவிர வேறு எதையும் அதில் சேர்த்தால் சிஎஃப் மரபுப்படி கோப்பே செல்லாததாகிவிடும்.

சிஎஃப் மரபில் இந்தச் செய்தி இரண்டு இடங்களில் பிரிந்து நிற்கிறது. எந்த வகைப் பரப்பிலிருந்து அளந்தோம் என்பதை ‘ஸ்டாண்டர்ட் நேம்’ என்ற பண்பு சொல்கிறது. ஆல்டிட்யூட் என்றால் ஜியாய்டுக்கு மேலுள்ள உயரம் என்றே பொருள். அதாவது காற்றும் நீரோட்டமும் இன்றிக் கடல் அசையாமல் நின்றால் அதன் மேற்பரப்பு அமையும் மட்டத்திலிருந்து அளந்த உயரம். எஸ்ஆர்டிஎம் தரவுக்கு அது பொருந்தும். ஜேசன் தரவு எலிப்சாய்டிலிருந்து, அதாவது பூமியின் வடிவத்தைத் தோராயமாகக் காட்டும் கணிதக் கோளத்திலிருந்து அளக்கப்பட்டது, ஆகவே ‘சீ சர்ஃபேஸ் ஹைட் அபவ் ரெஃபரன்ஸ் எலிப்சாய்டு’ என்பதே அதற்குரிய பெயர். இலங்கைக்குத் தெற்கே ஜியாய்டு எலிப்சாய்டுக்குக் கீழே ஏறத்தாழ 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது, உலகிலேயே மிகத் தாழ்ந்த பகுதி அதுதான். சென்னையும் அந்தப் பள்ளத்தின் சரிவில் இருப்பதால்தான் உங்கள் கடல் காணாமல் போயிற்று.

அலைமானியின் 7 மீட்டருக்குக் காரணம் வேறு. பிஎஸ்எம்எஸ்எல் தன் அளவுகளுக்குச் சுழியமாகக் கொள்ளும் ஆர்எல்ஆர் மட்டத்தை ஒவ்வொரு நிலையத்திலும் சராசரிக் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 7,000 மில்லிமீட்டர் கீழே வைத்திருக்கிறது. எதிர்க்குறி எண்கள் வராமலிருக்கச் செய்த பழைய ஏற்பாடு அது. இத்தகைய உள்ளூர்ச் சுழியத்துக்கென்றே ‘வாட்டர் சர்ஃபேஸ் ஹைட் அபவ் ரெஃபரன்ஸ் டேட்டம்’ என்ற பெயர் இருக்கிறது. அந்தச் சுழியம் ஜியாய்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை, ‘வாட்டர் சர்ஃபேஸ் ரெஃபரன்ஸ் டேட்டம் ஆல்டிட்யூட்’ என்ற பெயருடன் தனி மாறியாக உடன் வைக்க வேண்டும்.

எந்த ஜியாய்டு, எந்த எலிப்சாய்டு என்பது இரண்டாவது இடத்தில், அதாவது தரவின் ஆதாரப் பரப்புகளை விவரிக்கும் ‘கிரிட் மேப்பிங்’ மாறியில் வரும். 2017இல் வந்த 1.7ஆம் பதிப்பிலிருந்து அங்கே ‘ஜியாய்டு நேம்’, ‘ஜியோபொடென்ஷியல் டேட்டம் நேம்’ ஆகிய பண்புகள் இருக்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டுமே எழுதலாம். எஸ்ஆர்டிஎம்முக்கு அதன் ஜியாய்டு மாதிரியான ஈஜிஎம்96 என்று எழுதுங்கள்.

மட்டக்கோல் எழுதியது:

நில அளவைப் பக்கத்திலிருந்து இரண்டு எச்சரிக்கைகள். ஜேசனின் எலிப்சாய்டை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 என்று எழுதிவிடாதீர்கள். ஜேசனுடையது அதற்கு முந்தைய டோபெக்ஸ் செயற்கைக்கோளின் காலத்திலிருந்து வருவது. நிலநடுக்கோட்டு ஆரம் 6378136.3 மீட்டர். டபிள்யூஜிஎஸ்84க்கு 6378137 மீட்டர். வெறும் 70 சென்டிமீட்டர் வேறுபாடுதானே என்று விட்டுவிட முடியாது, வெள்ள ஆய்வில் அது ஒரு வீட்டின் வாசற்படி உயரம். பெயரோடு நில்லாமல் ஆரத்தையும் தட்டையாக்க எண்ணையும் (துருவங்களில் எவ்வளவு தட்டை என்பது) எழுதிவிடுங்கள்.

அடுத்தது, இந்திய அளவைத் துறையின் பழைய உயர மட்டத்தை ஜியாய்டு என்று கருதுவது. 1909இல் முடிந்த அந்த மட்ட வலை, நாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட ஒன்பது அலைமானி நிலையங்களின் சராசரிக் கடல்மட்டத்தைச் சுழியமாகக் கொண்டு பிணைக்கப்பட்டது. சராசரிக் கடல்மட்டமோ ஓட்டங்களாலும் உப்பின் அளவாலும் இடத்துக்கு இடம் ஜியாய்டிலிருந்து விலகும். ஆகவே மட்டக்குறிக் கல்லின் உயரத்தை அப்படியே ஆல்டிட்யூட் ஆக்க முடியாது.

கரையோரன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் மிச்சமிருக்கின்றன. ஆர்எல்ஆர் மட்டத்துக்கும் ஈஜிஎம்96க்கும் உள்ள இடைவெளி என்னிடம் இல்லை. மேலும், எல்லாவற்றையும், ஆதாரப் பரப்புகளை உரை வடிவில் விவரிக்கும் ‘சிஆர்எஸ் டபிள்யூகேடி’ என்ற ஒரே சரத்தில் எழுதிவிட்டால் மற்றப் பண்புகள் தேவையில்லை அல்லவா?

அலைமானி எழுதியது:

தேவைதான். அந்தச் சரம் துணைக்கு வருவது, மற்றவற்றுக்கு மாற்றாக வருவதன்று. இரண்டும் முரண்பட்டால் தனிப் பண்பில் உள்ளதே செல்லும் என்று மரபு சொல்கிறது. ஒரே கிரிட் மேப்பிங் மாறியில் இரண்டு எலிப்சாய்டுகளை அடைக்கவும் முடியாது. எஸ்ஆர்டிஎம்முக்கு ஒன்று, ஜேசனுக்கு ஒன்று என இரண்டு மாறிகள் வையுங்கள்.

இடைவெளி தெரியாவிட்டால் அந்த மாறியைச் சேர்க்காதீர்கள். ‘காமென்ட்’ பண்பில் “ஆர்எல்ஆர் மட்டம், ஜியாய்டுடன் இணைக்கப்படவில்லை” என்று எழுதுங்கள். ஊகித்து ஓர் எண்ணைப் போட்டால் பின்னால் வருபவர் அதை அளந்த எண் என்றே நம்புவார்.

செங்குத்து ஆயம் (உயர அச்சு) எதுவாக இருந்தாலும் ‘பாசிட்டிவ்’ பண்பில் மேல், கீழ் என்ற திசையை மறக்க வேண்டாம். லாஃபன்பர்க்கில் ரைன் ஆற்றின் மேல் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் பாலம் கட்டியபோது, ஜெர்மனி பின்பற்றிய ஆம்ஸ்டர்டாம் மட்டத்துக்கும் சுவிட்சர்லாந்து பின்பற்றிய மார்சேய் மட்டத்துக்கும் 27 சென்டிமீட்டர் வேறுபாடு என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது. திருத்தத்தைக் குறி மாற்றிச் செய்ததால் வேறுபாடு 54 சென்டிமீட்டர் ஆனது.